பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

வணக்கம் ஐயா. புள்ளியியல் படித்த உங்கள் மகளுக்கு டேட்டா ஜர்னலிசத்தில் (தரவுகளை அலசிச் செய்தி எழுதும் வேலையில்) எதிர்காலம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக உண்டு. பத்திரிகை அமையாவிட்டாலும் ஆய்வு நிறுவனங்களில் இதே திறமைக்கு இடம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது, அவள் கிட்ஹப்பில் (நிரல்களையும் கோப்புகளையும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் இணையதளத்தில்) ஏற்றவிருக்கும் ப்ராஜெக்ட்தான்.

குழந்தைப்பேறு சிகிச்சை எடுக்கும் பெண்கள் பேசிக்கொள்ளும் ஒரு ஃபேஸ்புக் குழுவின் பதிவுகளை மொத்தமாகத் திரட்டியிருக்கிறாள். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டிருப்பதால் தப்பில்லை என்கிறாள். கோப்பைப் பார்த்தேன். ஐவிஎஃப் பலிக்காததை மாமியாரிடம் மறைத்த ஒருவரின் பதிவு, பக்கத்திலேயே ஊர், சிகிச்சை எடுத்த மாதம். அந்த வரிகளை இங்கே அப்படியே எழுத மாட்டேன். சொந்தக்காரர் ஒருவர் படித்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனமும் இப்படித்தான் நம்பியது. சுமார் 6.5 லட்சம் பேரின் 2 கோடி இணையத் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. அதில் ஒருவர் தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார். தன் குடும்பப் பெயர் கொண்டவர்களையும், உடம்பு உபாதைகளையும் தேடியிருந்தார். இவற்றைக் கோத்தே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாட்களில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏஓஎல் கோப்பை நீக்குவதற்குள் பிரதிகள் பரவிவிட்டன. அந்த நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார்.

சென்னை ஐஐடியில் படித்த ஆய்வாளர் அரவிந்த் நாராயணனும், அவரோடு விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008-இல், நெட்ஃபிளிக்ஸ் வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களை (பெயர் நீக்கியவை) ஐஎம்டிபி என்ற திரைப்பட இணையதளத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஆட்களை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். பெயர் நீக்கிய தரவு உண்மையில் பாதுகாப்பானதா என்று துருவுவதே ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. உங்கள் மகளுக்கு அதுவும் ஒரு வழி.

அதிகாரத்தில் இருப்பவர்களைத் துருவும்போதும் பத்திரிகையாளர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ரகசிய நிறுவனங்கள் பற்றிக் கசிந்த பனாமா ஆவணங்கள் 1.15 கோடி. அவற்றிலிருந்து 2016-இல் நிறுவனங்கள், உரிமையாளர்கள் விவரத்தை மட்டும் பொதுவில் வைத்தார்கள். மின்னஞ்சல்களையும் பாஸ்போர்ட்டுகளையும் மொத்தமாகக் கொட்டவில்லை. சிகிச்சைக்குப் போன பெண்களிடம் அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டாமா?

சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு நிபந்தனையோடு விலக்கு தருகிறது. இதழியலுக்கென்று தனி விலக்கு இல்லை.

மூலக் கோப்பு கிட்ஹப் பக்கம் போகவே கூடாது. முதலில் குழு நிர்வாகியிடமும் உறுப்பினர்களிடமும் அனுமதி கேட்கட்டும். மறுத்தால் அந்தத் தரவை அழித்துவிட்டு வேறு தலைப்பு எடுக்கட்டும். சம்மதித்தாலும், தனிப் பதிவுகள் இல்லாமல் நிரலும் மொத்த எண்ணிக்கை காட்டும் தொகுப்பு அட்டவணையும் வெளியிட்டால் போதும். எதை ஏன் விட்டாள் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கட்டும். நேர்காணலில் நல்ல ஆசிரியர் குழு முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இருக்கும்.