வகுப்பு முடிந்த பிறகு அவளுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. நினைத்த பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால் பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில்தான் சேர்த்தோம். பொருளியல், இரண்டாம் ஆண்டு. நவம்பருக்குள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் விண்ணப்பம் போட வேண்டும். இந்த நேரத்தில் விவாத அணி, ஃபை தீட்டா கப்பா என்று ஏதோ ஒரு சங்கத்தில் பொருளாளர் பதவி, மாணவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் கல்லூரி உணவு வங்கி என மூன்று இடங்களில் சுற்றுகிறாள். வாரத்தில் மூன்று நாள் வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. நான் கோவையில் பொறியியல் படித்தபோது வகுப்பு உண்டு, விடுதி உண்டு, அவ்வளவுதான். இவள் கல்லூரிக்குப் போய் அரிசி மூட்டை தூக்குகிறாள், அம்மா! 3.9 ஆக இருந்த ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.6க்கு இறங்கிவிட்டது. கல்லூரிக்குப் போன் செய்தால் எதையும் சொல்ல மறுக்கிறார்கள். என் மைத்துனரோ, "பத்து கிளப் பெயரை எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் இடம் கிடைக்கும்" என்கிறார். நான் யாரை நம்புவது?

பின்குறிப்பு: இரவில் கார் நிறுத்துமிடம் வரை தனியாக நடந்து வருகிறாள். அந்தக் கவலையும் இருக்கிறது.

– ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் முதலில் என்னை உறுத்தியது மூன்று கிளப்புகள் அல்ல. "கம்யூனிட்டி காலேஜில்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "தான்". அதைத் தீர்த்துக்கொண்டு மேலே போவோம்.

நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி என்றுதான் பலரும் நினைப்பார்கள். மகள் அங்கே படிக்கிறாள் என்று உறவினர்களிடம் சொல்லி, அதன் பிறகு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்து நீங்கள் சலித்துப்போயிருப்பீர்கள். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியபோதே, பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான வழியாகத்தான் அது தொடங்கியது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. பாடங்களின் அளவை யூனிட் கணக்கில் சொல்வார்கள்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். (இந்தத் "தான்" பெருமைக்குரியது.) உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத கூப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரியில், ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் படித்திருக்கிறார். அவரை ஆப்பிள் கம்ப்யூட்டர் செய்யத் தூண்டியது 1975இல் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் கூடிய பொழுதுபோக்குக் கிளப் ஒன்று. உங்கள் மகளும் கம்பெனி தொடங்குவாள் என்று நான் சொல்ல வரவில்லை. கிளப் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரிக்கு வருகிறேன். "வகுப்பு உண்டு, விடுதி உண்டு, அவ்வளவுதான்" என்கிறீர்கள். ஐயா, அந்த விடுதியைக் கழித்துவிட்டு உங்கள் கல்லூரி வாழ்க்கையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு புரியாத கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் யார்? எந்த ஆசிரியரிடம் எந்தப் பாடத்தை எடுக்கக் கூடாது என்று எச்சரித்த சீனியர் எங்கே கிடைத்தார்? மெஸ் கமிட்டியில் சாம்பாருக்காகச் சண்டை போட்ட அனுபவம் பிற்பாடு அலுவலகத்தில் உதவவில்லையா? அதெல்லாம் உங்களைத் தேடி வந்தது, நீங்கள் பெயர் கொடுத்துச் சேர வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மகள் படிக்கும் இடத்தில் அது எதுவும் கிடையாது. இந்தக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் விடுதியே இல்லை. காரை நிறுத்தி, வகுப்பில் உட்கார்ந்து, மறுபடி காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இரவு ஷிப்ட் முடித்து வந்தவராக இருக்கலாம். இரண்டு குழந்தைகளின் தாயாக இருக்கலாம். நல்லவர்கள்தான், ஆனால் வகுப்பு முடிந்ததும் அவரவர் வேலைக்கு ஓடுகிறவர்கள். ஒரு வருடம் முழுக்க யாருடைய பெயரும் தெரியாமல் அங்கே படித்து முடித்துவிட முடியும். முடித்தவர்களும் இருக்கிறார்கள், பாதியில் நின்றவர்களும் இருக்கிறார்கள். கல்லூரிகளுக்கே இது தெரியும். அதனால்தான் பல இடங்களில் வாரத்தில் சில நாட்கள் நடுப்பகலில் வகுப்புகளைக் குறைத்து, "காலேஜ் அவர்" (கல்லூரி மணி நேரம்) என்று கிளப் கூட்டங்களுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். டேர்ம் தொடக்கத்தில் புல்வெளியில் மேசை போட்டு ஆள் சேர்க்கிறார்கள். உங்களுக்கு விடுதி தந்ததை உங்கள் மகள் அந்த மேசைகளில் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்காக மூன்றும் வேண்டும் என்பேனா? மாட்டேன். இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

ஒருவர் தலையில் மூன்று எப்படி வந்து விழுகிறது என்று சொல்கிறேன். நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கத்தின் பொறுப்புக்கு வர மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே இரண்டு மூன்று ஆண்டில் பலரும் டிரான்ஸ்பர் வாங்கிப் போய்விடுவதால் ஒவ்வொரு ஜூனிலும் சங்கம் ஏறக்குறைய காலியாகிவிடும். கல்லூரியின் அங்கீகாரம் தொடர வேண்டுமானால் தலைவர், பொருளாளர் என்று பெயர்கள் வேண்டும், ஆலோசகராக ஓர் ஆசிரியர் வேண்டும், சங்கங்களின் கூட்டமைப்புக் கூட்டங்களுக்குப் பிரதிநிதி போக வேண்டும். ஆள் பஞ்சம். கையைத் தூக்கியவர் முதல் வருடமே பதவிக்கு வந்துவிடுவார். இது இந்தக் கல்லூரிகள் தரும் அருமையான வாய்ப்பு. "முடியாது" என்று சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கோ இதுவே பொறி. உங்கள் மகள் அப்படி "முடியாது" சொல்லத் தெரியாத வகை என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மைத்துனர் சொல்வது பாதிகூடச் சரியில்லை. கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் (உங்கள் மகள் விண்ணப்பிக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வேறு) டிரான்ஸ்பர் சேர்க்கையில் பொதுவாகப் பாடங்களும் ஜி.பி.ஏ.வும்தான் கணக்கு, கட்டுரை கிடையாது, கிளப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு "டேக்" என்ற சேர்க்கை உத்தரவாதத் திட்டம் உண்டு. அதற்கும் பாடங்களும் ஜி.பி.ஏ.வும் போதும். செப்டம்பர் மாதம் முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் மகளிடம் இன்றே கேட்டுவிடுங்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோ வளாகங்கள் இந்தத் திட்டத்தில் இல்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொது விண்ணப்பத்தில் நடவடிக்கைகளுக்கு இடம் உண்டு என்பது உண்மை. இருபது வரை எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை வாரம், என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பத்து கிளப் பெயரை எழுதினால் பத்துக்கும் மணிக்கணக்கு காட்ட வேண்டும். எழுதியவற்றுக்குச் சான்று கேட்டுச் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்ப்பதும் வழக்கம். தவிர, சம்பளத்துக்குப் பார்த்த வேலையையும், வீட்டில் தம்பியையோ பாட்டியையோ கவனித்துக்கொண்டதையும் அங்கே எழுதலாம். மைத்துனருக்கு இதையும் சொல்லுங்கள். முதலில் பார்க்கப்படுவது, எடுக்கவிருக்கும் பாடப்பிரிவுக்குத் தேவையான அடிப்படை வகுப்புகளை முடித்திருக்கிறாரா, என்ன கிரேடு என்பதைத்தான். ஒரு பெரிய கிளப் பட்டியல் கால்குலஸில் வாங்கிய சி கிரேடை மறைத்துவிடாது.

ஆகவே ஒன்றை விடச் சொல்லலாம். எதை?

ஃபை தீட்டா கப்பா பற்றி "ஏதோ ஒரு சங்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் பறிக்கும் கூட்டமோ என்ற சந்தேகம் வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. அப்படி இல்லை. 1918இல் மிசௌரியில் தொடங்கிய, இரண்டு ஆண்டுக் கல்லூரிகளுக்கான மதிப்புறு சங்கம் அது. நல்ல ஜி.பி.ஏ. இருந்தால்தான் அழைப்பு வரும். சேர ஒரு கட்டணம் உண்டு. டிரான்ஸ்பர் மாணவர்களுக்கான சில உதவித்தொகைகளுக்கு அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே தகுதி. ஆனால் கவனியுங்கள்: தகுதி தருவது உறுப்பினர் அட்டை, நேரத்தைத் தின்பது பொருளாளர் பதவி. சங்கத்தின் பணம் பெரும்பாலும் கல்லூரிக் கணக்கில்தான் இருக்கும். பீட்சா வாங்குவதற்கும் கூட்டத்தில் தீர்மானம், நடவடிக்கைக் குறிப்பு, ஆலோசகரின் கையெழுத்து, அதன் பிறகு படிவம், ரசீது. முன்அனுமதி இல்லாமல் வாங்கிவிட்டால் பீட்சா செலவு பொருளாளரின் பையிலிருந்துதான் போகும். ஒரு வருடம் செய்தால் நல்ல பாடம். விண்ணப்பம் எழுதும் பருவத்தில் இது வேண்டாம். உறுப்பினராக இருக்கட்டும், பதவியை முதலாண்டு மாணவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்கட்டும். அந்த ஒப்படைப்பையும் விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதலாம்.

விவாத அணியை விடச் சொல்லாதீர்கள். பல கல்லூரிகளில் அது பாடமாகவே பதிவாகும். யூனிட்டும் கிரேடும் உண்டு. மகளின் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள், நீங்கள் "சுற்றுகிறாள்" என்றது அங்கே ஏ கிரேடாக உட்கார்ந்திருக்கலாம். தலைப்பைக் கையில் கொடுத்து, யோசிக்கச் சில நிமிடம் தந்து, நின்று பேசு என்பார்கள். வட்டி விகிதமா, வாடகைக் கட்டுப்பாடா, எது வேண்டுமானாலும் வரும். பொருளியல் மாணவிக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. போட்டிகள் வார இறுதிகளில் வெளியூரில் நடக்கும், பயிற்சியாளர் கூடவே போவார். எத்தனை போட்டி என்பதைத்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். இந்த செமஸ்டரில் ஒன்றிரண்டு போதும் என்று அவளே பயிற்சியாளரிடம் சொல்லலாம்.

பிறகு அந்த அரிசி மூட்டை.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒவ்வொன்றிலும் மாணவர்களின் அடிப்படைத் தேவைகளுக்கான மையம் இருக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. ஏன் வந்தது? சிலிக்கான் பள்ளத்தாக்கின் வாடகையைக் கட்டிவிட்டு மதிய உணவைத் தவிர்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதால் வந்தது. உங்கள் மகள் தூக்குவது அவளுடைய வகுப்புத் தோழர்களின் இரவுச் சாப்பாடு. கலிபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். பொருளியல் ஏன் படிக்கிறாய் என்பதற்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதப்போகிறாளா, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து எழுதப்போகிறாளா? இருந்தாலும் இது என் விருப்பம்தான். எதை விடுவது என்பதை அவள் சொல்லட்டும். விண்ணப்பத்துக்கு எது உதவும் என்று கேட்காமல், எதை விட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று கேளுங்கள்.

ஜி.பி.ஏ. விஷயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் 3.9 எப்படி 3.6 ஆனது என்பதை நீங்கள் கிளப்புகளின் மேல் போட்டுவிட்டீர்கள். எந்தப் பாடம் சறுக்கியது என்று கடிதத்தில் இல்லை. உங்களுக்குத் தெரியாதோ? ஒரே ஒரு கணக்குப் பாடம் சறுக்கியிருந்தால் அதற்கு மருந்து கல்லூரியின் இலவச டியூட்டரிங் மையம். எல்லாப் பாடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கியிருந்தால் நேரம் போதவில்லை என்று அர்த்தம்.

கல்லூரி உங்களிடம் பேச மறுத்ததற்குக் கோபப்படாதீர்கள். 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் மதிப்பெண் விவரம் மாணவருக்கே உரியது. கட்டணம் கட்டுவது அப்பாவாக இருந்தாலும் மாணவரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஊரில் முதல்வர் அறைக்கே போய் உட்கார்ந்துவிடலாம், இங்கே வழி ஒன்றுதான்: மகளிடம் கேட்பது. விசாரணை போல வேண்டாம். டிரான்ஸ்பர் ஆலோசகரைப் பார்த்தாயா, எந்தெந்த வகுப்பு பாக்கி என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வரும். ஆலோசகரைப் பார்க்க முன்பதிவு செய்துவிட்டாளா என்றும் கேளுங்கள்; அக்டோபர், நவம்பரில் அவர்களிடம் நேரம் கிடைப்பது கஷ்டம்.

பின்குறிப்புக்கு: உங்கள் கவலை நியாயமானது, தீர்வும் சுலபமானது. பல கல்லூரிகளில் வளாகப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் செய்தால் ஒருவர் கார் வரை கூட நடந்து வருவார், இதற்குக் காசில்லை. அந்த எண்ணை மகளின் போனில் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். இரவு வகுப்பு மாணவர்கள் கிளம்பும் நேரம் தெரிந்தால் அவர்களோடு சேர்ந்தே நடக்கலாம். உணவு வங்கி நாளில் நீங்களே ஒரு முறை ஏழரை மணிக்குப் போய் நில்லுங்கள். மூட்டைகள் மிச்சம் இருந்தால் உங்களிடமும் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், அதற்கும் தயாராகப் போங்கள்.