சதை கிழிந்தவருக்குக் கூடுதல் கால்சியம் மாத்திரை உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 52. ஷட்டில் ஆடும்போது இடது கெண்டைச் சதை கிழிந்துவிட்டது. பகுதிக் கிழிசல்தான் என்று ஸ்கேனில் தெரிந்தது. மூன்று வாரங்கள் ஆகின்றன. தசையில் உள்ள ஸ்டெம் செல்களை எழுப்பி வேலை செய்ய வைப்பது கால்சியம்தான் என்று படித்ததால், தினமும் இரண்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அளவைக் கூட்டினால் விரைவில் குணமாகுமா? ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: நீங்கள் படித்த செய்தி சரியானது. ஆனால் மாத்திரையைக் கூட்டலாம் என்ற முடிவு அதிலிருந்து கிடைக்காது.

தசை இழையின் மேற்பரப்புக்கும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கும் இடையே, இழையோடு ஒட்டியபடி சில சிறிய செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இவற்றை விவரித்து, சாட்டிலைட் செல்கள் என்று பெயரிட்டார். நீங்கள் படித்த தசை ஸ்டெம் செல்கள் இவைதான். இழை கிழிந்ததும் இவை விழித்துப் பல்கிப் பெருகி, ஒன்றோடொன்றும் பழைய இழையோடும் இணைந்து புதிய தசையை உருவாக்குகின்றன. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் கால்சியத்துக்குப் பங்கு உண்டு.

அந்தப் பங்கை விளங்கிக்கொள்ள இரண்டு எண்கள் போதும். செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் புரதத்தோடு பிணையாத கால்சியம் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமோல் இருக்கிறது. ஓய்ந்திருக்கும் செல்லுக்குள்ளோ அதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் ஒரு வாயில் கணநேரம் திறந்தாலும் உள்ளே அளவு பல மடங்கு ஏறிவிடும்; பம்புகள் உடனே அதை வெளியேற்றிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் செல் செய்தியாகப் படிக்கிறது. வெளியே கால்சியம் இன்னும் கொஞ்சம் கூடினாலும் செய்தி மாறாது. அப்படிக் கூடுவதும் எளிதன்று: பாராதைராய்டு சுரப்பியும் வைட்டமின் டி-யும் இரத்தக் கால்சியத்தை டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் பிடித்து வைக்கின்றன. மிகுதியாக விழுங்குவதில் பெரும்பகுதி மலத்திலும் சிறுநீரிலும் போய்விடும்.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 1969-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. எலித் தசையின் இளம் செல்களைக் கால்சியம் மிகக் குறைந்த ஊட்டக்கரைசலில் வளர்த்தபோது, அவை பெருகின. ஆனால் ஒன்றோடொன்று இணையவில்லை. கால்சியத்தைத் திரும்பச் சேர்த்த சில மணி நேரத்தில் இணைந்து நீண்ட இழைகளாயின. ஆகவே கால்சியம் இல்லாமல் தசை உருவாகாது என்பது உறுதி. ஆனால் அந்தக் கரைசலில் இருந்த அளவுக்குக் கால்சியம் குறைந்த இரத்தத்தோடு யாரும் உயிர் வாழ முடியாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அப்படியானால் வாயிலைத் திறப்பது எது? உங்களுக்குப் பயன்படும் செய்தி இங்கேதான் இருக்கிறது. சாட்டிலைட் செல்லின் சவ்வில் பீயெசோ1 என்ற கால்சிய வாயில் இருக்கிறது. இழுப்பும் அழுத்தமும்தான் அதைத் திறக்கும். இவ்வகை வாயில்களைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. சாட்டிலைட் செல்களில் இது இல்லாதபடி செய்யப்பட்ட சுண்டெலிகளில், காயமுற்ற தசை சரிவர மீளவில்லை. உள்ளே ஏறும் கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியைத் தூண்ட, அது என்ஃபேட் என்ற புரதத்தைச் செல்லின் உட்கருவுக்குள் அனுப்பி, இழை வளரத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. கால்சியம் மிகுந்தாலும் நன்மை என்று எண்ண வேண்டாம். டுஷென் தசைச்சிதைவு நோயில் சவ்வு பலவீனமாகி, கால்சியம் அளவின்றி உள்ளே கசிந்து, கால்பெய்ன் என்ற நொதியை முடுக்கிவிட்டுத் தசையின் புரதங்களையே அரிக்கிறது.

எனவே உங்கள் கெண்டைச் சதைக்கு இப்போது தேவைப்படுவது படிப்படியான பளு. முதல் சில நாள் ஓய்வு சரிதான்; அதற்கு மேலும் அசையாமல் வைத்தால் தசை மெலிந்து தழும்பு தடிக்கும். மூன்று வாரம் கடந்த நிலையில், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்து அனுமதித்த பின், முதலில் உட்கார்ந்தபடியும் பிறகு நின்றபடி இரு கால்களாலும் குதிகாலை மெதுவாக உயர்த்தி, உயர்த்தியதைவிட மெதுவாக இறக்குங்கள். லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஒற்றைக் காலில் வலியின்றி இதைச் செய்ய முடியும்வரை மைதானத்துக்குப் போகாதீர்கள். கெண்டை திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று இருந்தால், அதில் கால்சியம் 500 மில்லிகிராம். பெரியவருக்கு நாளொன்றுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைப்பது 1000 மில்லிகிராம். நீங்கள் மாத்திரையிலேயே அதை எட்டிவிட்டீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பால், தயிரும் சேர்ந்தால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. கூடுதல் மாத்திரையால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரானால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். சோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் மட்டும் அதைச் சரிசெய்யுங்கள். அதன் பற்றாக்குறை தசையைத் தளரச் செய்யும்.

ஊசியைப் பொறுத்தவரை, ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, இந்தியாவில் நிலைபெற்ற சிகிச்சையாக ஏற்கப்பட்டிருப்பது இரத்த நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே. மற்றவை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். பகுதிக் கிழிசலுக்கு அது தேவையுமில்லை. வேண்டிய ஸ்டெம் செல்கள் உங்கள் கெண்டையிலேயே இருக்கின்றன.