பனிநிலை 17 டிகிரி இருந்தும் அரிசோனாவின் பீனிக்ஸில் இடிமழை வரவில்லையே?

பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை; அது உயர்ந்தால் ஈரம் அதிகம். நீங்கள் காலையில் பார்த்த 17 டிகிரி செல்சியஸ் பனிநிலை காட்டியது, பெரும்பாலும் தரையை ஒட்டிய மெல்லிய ஈரப் படலம்தான். அதனால்தான் மாலையில் மேகம் திரளவில்லை. கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து இரவில் ஏறிவரும் ஈரக்காற்று பல நாள் அப்படித்தான். வெயில் ஏறியதும் மேலேயுள்ள வறண்ட காற்றோடு கலந்து கரைந்துவிடுகிறது.

நாளை பிற்பகல் 3 மணிக்கு மறுபடி பாருங்கள். பனிநிலை 10 டிகிரிக்குச் சரிந்திருந்தால் காரணம் இதுவே. சரியாமல் நின்றும் மேகம் எழாவிட்டால், மேலே ஒரு வெப்ப அடுக்கு மூடிபோல அமுக்குகிறது. தெற்கேயுள்ள டூசான் நகரில் அதிகாலையில் விடும் வானிலை பலூனின் அளவீட்டில் அது தெரியும்.

ஆனால் மலைப்பக்கத்தை மறக்க வேண்டாம். வடகிழக்கேயுள்ள மொகொலோன் விளிம்பு என்ற மலைச்சரிவில் பெய்து ஓய்ந்த இடிமழையின் குளிர்காற்று, இருட்டிய பிறகு பீனிக்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கி அந்த மூடியை உடைத்துவிடக்கூடும். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இதைத் தவறவிடுவதுண்டு. அடிவானத்தில் பழுப்பாகப் புழுதிச் சுவர் எழுந்தால், எந்த முன்னறிவிப்பையும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.