எல்லோராலும் நிரப்பக்கூடிய ஆன்லைன் படிவத்தை எப்படி வடிவமைப்பது?

கொழும்பில் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மலையகத்து ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை (ஃபோன், போட்டோகொப்பிக் கடை) வைத்திருப்பவன். படிவம் வடிவமைத்ததில்லை, தோட்டத்துச் சனங்களுக்கு நிரப்பிக் கொடுத்தே பாதி நாள் போகிறது.

போன மாதம் ஓர் ஆச்சி வந்தார். முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். பேரனின் ஃபோனில் ஒரு விண்ணப்பம் பாதியில் நின்றிருந்தது. அவருடையது 2016க்கு முந்திய அடையாள அட்டை: ஒன்பது இலக்கம், கடைசியில் ஆங்கில 'வி' (V) எழுத்து. பெட்டியைத் தொட்டால் எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகைதான் வருகிறது. அதில் 'வி'க்கு எங்கே போவது? விட்டுவிட்டு அமத்தினால் பெட்டியைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு. என்ன பிழை என்று ஒரு சொல் இல்லை. ஆச்சிக்குக் கண்ணில் புரை, அந்தக் கோடே தெரியவில்லை.

கடைசியில் 'வி'யை விட்டுவிட்டு, முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, புதிய அட்டைகளில் உள்ளதுபோல் பன்னிரண்டு இலக்கமாக்கினேன். சரி, ஏற்றுக்கொண்டது. வாசித்துக் காட்டினால் ஆச்சி பயந்துவிட்டார்: "தம்பி, இது என் நம்பர் இல்லையே!" எழுத்துத் தெரியாது, நம்பர் மனப்பாடம். அந்த எண்ணிலேயே பிறந்த ஆண்டும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் இரண்டையும் திரும்பக் கேட்டார்கள். அதற்குள் நேரம் முடிந்து, முதலிலிருந்து எல்லாம்.

"அணுகல்தன்மை என்றால் பார்வையற்றவர்களுக்கானது, நீ சொல்வது வேறு" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பானும் அந்தச் சிவப்புக் கோட்டை வாசிக்காது ஐயா. பிழையை எழுத்தில் சொல், நிறத்தை மட்டும் நம்பாதே, நேரத்தை நீட்ட விடு என்பதெல்லாம், இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) நெறிமுறையில் 2008 முதல் இருக்கிறது. ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கேட்காதே என்பது 2023ல் சேர்ந்தது.

ஆகவே அடையாள அட்டைப் பெட்டியில் எழுத்தும் ஏறட்டும். என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பெட்டிக்கு மேலே எழுதுங்கள். உள்ளே மங்கலாகப் போட்டால், தட்டத் தொடங்கியதும் மறைந்துபோகும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள், எங்களுக்கு அப்பா பெயர்தான். வீட்டு இலக்கமும் அப்படியே. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஏது இலக்கம்?

முகவரி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நான்காம் நாள் கிடைத்தது. உறையின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டக் கறை.