பூனைக்குக் கால் மாத்திரை, மாட்டுக்கு ஒரு பானைப் பொங்கல்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மாடு, பூனை, நாய். மீதி மனித உடம்பு. எண்களை முழுசாக்கித்தான் சொல்வேன். தசமத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொள்ளலாம். வழக்கமான எச்சரிக்கை: உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்ல முடியும். வைத்தியம், நேரில் தொட்டுப் பார்ப்பவரிடம்.

கையில் ஓடும் ரத்தக் குழாய்கள் நீலமாகத் தெரிகின்றன. அசுத்த ரத்தம் நீல நிறம்தானே? (கரூர் மாணவி)

இல்லை. லேபில் ரத்தம் எடுக்கும்போது குழாயில் ஏறுவதைப் பாருங்கள், அடர்சிவப்பு. அது சிரையிலிருந்து, அதாவது இதயத்துக்குத் திரும்பும் குழாயிலிருந்து, வருவதுதான். நீலம் என்பது தோலுக்குள் ஒளி போய்த் திரும்பும் விதத்தால் வரும் தோற்றம். அந்த ரத்தம் அசுத்தமும் இல்லை, ஓய்வில் அதில் இன்னும் முக்கால் பங்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். நிஜ நீல ரத்தம் வேண்டுமென்றால் கணவாய், நண்டு பக்கம் போக வேண்டும். அவற்றில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, தாமிரம்.

எனக்கு சுகர் 160. நல்லதா, கெட்டதா? (ஊர், பெயர் இல்லை)

வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? வயது என்ன? ஏற்கெனவே மாத்திரை உண்டா? எந்த ஊர் என்று சொல்லாமல் '160 எங்கே போகும்' என்று பஸ்ஸைக் கேட்பது போல இருக்கிறது. வெறும் வயிற்றில் 160 என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய எண். விருந்துச் சாப்பாடு முடித்து ஒரு மணி நேரத்தில் 160 என்றால் அதை மட்டும் வைத்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. எண்ணை எழுதுகிறவர்கள் அது எந்த நேரத்து எண் என்பதையும் எழுதுங்கள். எத்தனை முறைதான் சொல்வது!

என் மகன் தினமும் ஓடுகிறான். உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 50தான். பயப்பட வேண்டுமா? (ஓசூர் வாசகர்)

'உட்கார்ந்திருக்கும்போது' என்று எழுதினீர்களே, அதற்கே நன்றி. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளினால் போதும். நம் போன்றவர்களுக்கு 70 துடிப்பு, துடிப்புக்கு 70 மி.லி. பழகிய இதயம் துடிப்புக்கு 100 மி.லி. தள்ளும், 50 துடிப்பிலேயே வேலை முடிந்துவிடும். மயக்கம், தலைசுற்றல், படபடப்பு ஏதாவது இருந்தால் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஓட விடுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று எங்கள் பசு பொங்கல் சாப்பிட்டுவிட்டு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. நாலு வயிறு இருந்தும் ஏன் செரிக்கவில்லை? (மன்னார்குடி வாசகர்)

வயிறு ஒன்றுதான், அறைகள் நாலு. முதல் அறையான அசையிரைப்பை 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே நாரைச் செரிப்பது மாடு அல்ல, மாட்டுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வைக்கோலும் புல்லும் அவற்றுக்கு மெதுவான தீனி. குழைந்த சோறும் வெல்லமும் திடீரென்று வந்து இறங்கினால் மாவுச்சத்தைத் தின்னும் ஒரு கூட்டம் மட்டும் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். ஆறுக்கு மேல் இருந்த பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) ஐந்துக்குக் கீழே போய்விடும். நாரைச் செரிக்கும் நல்ல கூட்டம் செத்துப்போகும். ரத்தத்தில் இருக்கும் தண்ணீரும் அசையிரைப்பைக்குள் இழுக்கப்படும். மாட்டின் கண் குழி விழுவது அதனால்தான். இதற்கு அசிடோசிஸ் என்று பெயர். உயிர் போகிற விஷயம்.

ஒரு சோதனை சொல்கிறேன். மாட்டின் இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நல்ல மாடாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் மூன்று தடவையாவது உள்ளிருந்து கையை மெல்லத் தள்ளும். தள்ளல் நின்றுபோய், அசைபோடுவதும் நின்றிருந்தால் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாழையிலையில் ஒரு கைப்பிடி பொங்கலால் ஒன்றும் ஆகாது. தெருவே ஆளுக்கொரு தட்டோடு வந்து பாசத்தைக் காட்டுவதுதான் வினை.

பாம்பு பால் குடிக்குமா? (மூன்று பேர்)

நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதை நீட்டினாலும் குடிக்கும். அது தாகம், பக்தி அல்ல.

பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. மனிதனுக்கு ஒரு பாராசிட்டமால் என்றால் அதற்குக் கால் மாத்திரை போதும் என்று கொடுத்தோம். மறுநாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி இறந்துவிட்டது. மாத்திரை காலாவதியானதா? (திருச்சி வாசகி)

காலாவதியாகவில்லை அம்மா, மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் இதை அடுத்தவர்கள் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

முதலில், கணக்கே தப்பு. 60 கிலோ ஆளுக்கு 500 மி.கி. என்றால் கிலோவுக்கு 8 மி.கி. 4 கிலோ பூனைக்கு 125 மி.கி. என்றால் கிலோவுக்கு 31. நீங்கள் கொடுத்தது மனித அளவைப் போல நாலு மடங்கு. சரி, கணக்கை ஒழுங்காகப் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்றால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. பாராசிட்டமாலை நம் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு ஒட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பூனையின் கல்லீரலில் அந்த ஒட்டும் வேலைக்கான நொதி மிகக் குறைவு. மருந்து வேறு வழியில் போய் விஷமாகிறது. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாத பழுப்புப் பொருளாக மாறுகிறது. நீங்கள் ஈறில் பார்த்த பழுப்பு அதுதான். மாற்று மருந்து உண்டு, ஆனால் கொடுத்த சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போயிருக்க வேண்டும்.

எடையால் வகுக்காதீர்கள். இதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. 'நாய்க்குத்தானே, பாதி கொடுங்க' என்று மருந்துக் கடையில் சொல்லிக் கொடுப்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1962இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். சிறிய பிராணிகளில் கண்ட அளவை எடைக்கு எடை பெருக்கி சுமார் 300 மி.கி. ஏற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் யானை சரிந்தது, இரண்டு மணி நேரத்துக்குள் செத்தது. காப்பாற்றப் போட்ட மயக்க மருந்துகளும் சாவுக்குக் காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு உண்டு, ஆனால் அளவு தப்பு என்பதில் சந்தேகமில்லை. உடல் எடை 16 மடங்கானால் உடம்பு எரிக்கும் சக்தி 16 மடங்காவதில்லை. சுமார் 8 மடங்குதான் ஆகும். மாக்ஸ் கிளைபர் என்ற உடலியல் ஆய்வாளர் 1932லேயே எழுதி வைத்துவிட்டார்.

அதுவும் அளவு பற்றிய பிரச்சினை மட்டும்தான். கல்லீரலும் சிறுநீரகமும் இனத்துக்கு இனம் வேறு என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. டைக்ளோஃபினாக் ஊசி மாட்டின் வலியைக் குறைத்தது. அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்து கொத்துக் கொத்தாக மடிந்தன. 2004இல் காரணம் வெளியானது, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. அதற்குள் நூறில் ஒன்றிரண்டே மிஞ்சிய இனமும் உண்டு. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரு கால் மாத்திரையும் அந்த ஊசியும் ஒரே ஜாதித் தப்பு.

நாய்க்கு வியர்க்காதா? (சென்னை வாசகர்)

பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது எதற்கும் போதாது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்போது மூச்சு நிமிடத்துக்கு 300 வரை போகும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு இதுவும் சரியாக வராது. அதை மே மாத மத்தியானத்தில் வாக்கிங் கூட்டிப் போகாதீர்கள். எருமையும் இதே கதைதான்: பசுவைவிட வியர்வைச் சுரப்பி குறைவு, தோலோ கறுப்பு. அதனால்தான் குட்டை தேடுகிறது.

ஒட்டகச்சிவிங்கிக்கு ரத்த அழுத்தம் நம்மைப் போல இரண்டு மடங்காமே? (மதுரை மாணவர்)

ஆமாம். தலைக்கு ரத்தம் ஏற்ற வேறு வழியில்லை. கால் வீங்காமல் இருக்க அங்கே தோல் கெட்டியாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. கழுத்தெலும்பு நமக்கு இருக்கும் அதே ஏழுதான்.

கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறதாம். மனிதனுக்கு சிலிண்டர் வேண்டும், அதற்கு எப்படி? (நாங்குநேரி ஆசிரியர்)

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். 7000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிகூட இல்லை. நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்புகிறது, அதனால் பழைய காற்றும் புதுக் காற்றும் எப்போதும் கலந்தே இருக்கும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. உள்ளே இழுத்த காற்று முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் வழியாக முன்பக்கப் பைகளுக்கு வந்து, அப்புறம் வெளியேறும். ஒருவழிப் பாதை. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலில் புதுக் காற்றே ஓடும். இதற்கு மேல், இந்த வாத்தின் ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிட ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடிக்கும். சமவெளியில் வளரும் வாத்தை அங்கே பறக்கவிட்டால் தாங்காது. வாத்துக்கு வாத்தே இவ்வளவு வித்தியாசம்!

தினமும் 6 லிட்டர் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகுமா? (கோவை வாசகர்)

சிறுநீரகங்கள் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ரத்தத்தைச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. அவற்றை நீங்கள் கழுவ வேண்டியதில்லை. மளமளவென்று ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வேறு வம்பு வரும். கல் இருப்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவு வேறு. தாகத்துக்குக் குடியுங்கள், வெயிலில் வேலை செய்தால் கூடுதலாகக் குடியுங்கள். கங்காரு எலி (வட அமெரிக்கப் பாலைவனத்துப் பிராணி) தண்ணீரே குடிக்காமல் வாழ்கிறது என்று எங்கோ படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அதன் சிறுநீர் ரத்தத்தைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் அடர்த்தியாகும், நமக்கு நாலு மடங்குதான் முடியும். அதனால் அந்தப் பக்கமும் போக வேண்டாம்.