முன்னங்கால் வலியும் ஓட்டத் தூரமும்

கேள்வி: எனக்கு 46 வயது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடிவந்தேன். அரை மராத்தானுக்காகச் சென்ற மாதம் அதை 10 ஆக்கியதிலிருந்து முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்னங்கால் எலும்பின் உட்புறம் வலிக்கிறது. ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?
- வாசகர், பிடோக்

பதில்: ஒரே மாதத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கியதே காரணமாக இருக்கக்கூடும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் மிகை உழைப்பால் வரும் வலி. ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்முறிவு இருக்கலாம் என்பதால், ஓட்டத்தை உடனே நிறுத்திப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். படத்தில் ஒன்றுமில்லை என்று மறுநாளே ஓடக் கிளம்ப வேண்டாம்.

முதல் வகையென்றால், சில வாரம் நீச்சலுக்கு மாறி, நடக்கும்போது வலி அறவே நின்றபின், நடையும் ஓட்டமுமாகத் தொடங்குங்கள். வாரத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். அது சட்டமன்று, ஆயினும் உங்கள் நிலையில் அதற்கும் குறைவாகக் கூட்டுவதே நல்லது என்பேன். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கினால் கெண்டைக்கால் வலுப்பெறும். வலிமாத்திரை விழுங்கிவிட்டு மட்டும் ஓடாதீர்கள். இவ்வாண்டு 10 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற முடியுமா என ஏற்பாட்டாளர்களைக் கேட்டுப் பாருங்கள்.