திரும்பப் படித்து 'ஏ' வாங்கினாலும் பழைய 'டி' சட்டக் கல்லூரிக்குத் தெரியுமா?

தெரியும். 'டி', 'ஏ' இரண்டையுமே எல்.எஸ்.ஏ.சி. (அமெரிக்கச் சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு) கணக்கில் சேர்க்கும். 'டி' ஜிபிஏவிலிருந்து (கிரேடுகளின் சராசரி) போய்விட்டதே என்கிறீர்கள். அது உங்கள் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜின் சொந்தக் கணக்கு. எல்.எஸ்.ஏ.சி. முதல் இளங்கலைப் பட்டம் வாங்கும்வரை படித்த எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துத் தானே கூட்டும்.

டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பாருங்கள். 'டி'யும் அதன் யூனிட்டும் அச்சில் இருக்கிறதா? இருந்தால் 'டி'யின் 1-ம் 'ஏ'யின் 4-ம் சேர்ந்து அந்தப் பாடத்துக்குச் சராசரி 2.5. ஒற்றை 'டி'க்குக் குடிமுழுகாது, ஒரு பக்க விளக்கக் கடிதம் வைக்கலாம்.

இன்னொன்று: ப்ரீ-லா என்று தனி மேஜர் எதையும் சட்டக் கல்லூரிகள் கேட்பதில்லை. பாராலீகல் (வக்கீலின் உதவியாளர்) வகுப்பில் சேருமுன் அதன் யூனிட் யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறுமா என்று, எந்தப் பாடம் மாறும் எனக் காட்டும் அசிஸ்ட் தளத்தில் பார்த்துவிடுங்கள். சில மாறாது.